ஓடும்போது 168, தூங்கும்போது 58: கைல ஒட்டின சென்சார எவ்வளவு நம்பலாம்?

வாசகர் கடிதம்: "டாக்டர், எனக்கு 41 வயசு. ரெண்டு ஃபுல் மாரத்தான் முடிச்சிருக்கேன், மூணாவது இன்னும் பத்து வாரத்துல. எனக்கு சுகர் கிடையாது, அம்மாவுக்கு இருக்கு. ஒரு மாசமா கைல குளுக்கோஸ் சென்சார் ஒட்டிக்கிட்டு ஓடுறேன், ஒட்டினதுல இருந்து நிம்மதி போச்சு. ஸ்பீடா இன்டர்வெல் (வேகமா ஓடி, கொஞ்சம் ஆசுவாசப்படுத்தி, திரும்ப வேகமா) ஓடினா 168 காட்டுது. ராத்திரி மூணு மணிக்கு 58னு அலாரம் அடிச்சு வீட்டையே எழுப்புது. லாங் ரன்னுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி ஜூஸ் குடிச்சுட்டு கிளம்பினா இருபதாவது நிமிஷம் 69. போன வாரம் 22வது கிலோமீட்டர்ல 66 காட்டுச்சு, நல்லாதான் ஓடிட்டு இருந்தேன், பயந்து நிறுத்திட்டேன். காலைல வெறும் வயித்துல 102. இதையெல்லாம் பாத்து சாப்பாட்டுல மாவுச்சத்த பாதியா குறைச்சுட்டேன். எனக்கு சுகர் வந்துட்டு இருக்கா? ரேஸ் அன்னிக்கு சென்சார் போட்டுக்கலாமா? இன்னொண்ணு, டைப் 1 சுகர் இருக்கற ஒருத்தர் எங்க குரூப்ல சேரப்போறார், அவர் கூட ஓடுறப்ப நாங்க என்ன கவனிக்கணும்?"

வணக்கம்ங்க. உங்க கடிதத்துல என்னை உறுத்தினது அந்த 168ம் இல்ல, 58ம் இல்ல. "பாதியா குறைச்சுட்டேன்"னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதுதான். பத்து வாரத்துல ரேஸ வச்சுக்கிட்டு, வாரா வாரம் லாங் ரன் ஓடிக்கிட்டு, ஒரு மெஷின் காட்டுற நம்பர அழகாக்கறதுக்காக சாப்பாட்ட குறைக்கறது. இன்னிக்கு ராத்திரியே பழையபடி சாப்பிட ஆரம்பிங்க, மீதிய அப்புறம் படிச்சா போதும்.

ஏன் இவ்வளவு அடிச்சு சொல்றேன்னா, ரத்தத்துல ஓடுற சர்க்கரை எவ்வளவுன்னு நினைக்கறீங்க? உடம்பு மொத்தத்துக்கும் சேத்து நாலஞ்சு கிராம், ஒரு டீஸ்பூன் அளவு, அவ்வளவேதான். நீங்க மாரத்தான் வேகத்துல ஓடும்போது நிமிஷத்துக்கு ரெண்டு கிராம் பக்கம் மாவுச்சத்து எரியும், அப்ப அந்த டீஸ்பூன வச்சு மூணு நிமிஷம் கூட தாக்குப்பிடிக்க முடியாது. நிஜமான சேமிப்பு வேற இடத்துல இருக்கு, தசைல ஒரு 400 கிராம், லிவர்ல 100 கிராம் பக்கம், ரெண்டுமே கிளைகோஜன்ங்கற சேமிப்பு வடிவத்துல. சென்சார் பாக்கறது குழாய்ல வர்ற தண்ணிய மட்டும்தான், தொட்டில எவ்வளவு இருக்குன்னு அதுக்குத் தெரியாது. தொட்டி முக்காவாசி காலியானாலும் லிவர் விடாப்பிடியா குழாய ஒரே அளவுல வச்சிருக்கும், கிராஃப் கோடு போட்ட மாதிரி நேரா அழகா இருக்கும், அப்புறம் 30 கிலோமீட்டர் தாண்டி காலு ரெண்டும் கல்லு மாதிரி ஆகும்போதுதான் விஷயம் தெரியும். (இதத்தான் ஓட்டக்காரங்க 'வால்'ல, அதாவது சுவத்துல மோதிட்டேன்னு சொல்றாங்க, தமிழ்ல எழுதினா குரங்கு வால் ஞாபகம்தான் வருது, என்ன பண்றது.) மாவுச்சத்த குறைச்சா நீங்க குறைக்கறது தொட்டிய. நம்பர் நல்லா இருக்கேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டே காலி தொட்டியோட ஸ்டார்ட் லைன்ல போய் நிப்பீங்க.

சரி, ஒவ்வொரு நம்பரா வர்றேன். 168ல பயப்பட ஒண்ணுமே இல்ல, சொல்லப்போனா உங்க உடம்பு ஒழுங்கா வேலை செய்யுதுங்கறதுக்கு அதுவே அத்தாட்சி. வேகமா இன்டர்வெல் ஓடும்போது அட்ரினலின் ஏறும், லிவர் 'ஆபத்து வந்துருச்சு, எடுத்துக்கோ'ன்னு சர்க்கரைய அள்ளி ரத்தத்துல விடும், தசை எவ்வளவு வேகமா இழுத்தாலும் லிவர் விடறது அதவிட வேகமா இருக்கறதால மீதி ரத்தத்துல நிக்குது. நிதானமா ஓடுற அன்னிக்கு இந்த ஏத்தம் வராது, கவனிச்சுப் பாருங்க. ஓட்டத்த நிறுத்தி அரை மணி ஒரு மணி நேரத்துல தானா இறங்கியிருந்தா அதோட அத மறந்துடுங்க. ஓட்டமே இல்லாத நாள்ல, சாதாரணமா சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் 180, 200னு அடிக்கடி நின்னா அது வேற கதை, அப்ப வாங்க பேசலாம்.

இருபதாவது நிமிஷ 69க்கு காரணம் நீங்களே எழுதிட்டீங்க, முக்கால் மணி நேரம் முன்னாடி குடிச்ச ஜூஸ். குடிச்சதும் சர்க்கரை ஏறுது, அத இறக்க இன்சுலின் வருது, இன்சுலின் உச்சத்துல இருக்கற நேரம் பாத்து நீங்க ஓட ஆரம்பிக்கறீங்க. சுருங்கி விரியற தசைக்கு சர்க்கரைய உள்ள இழுக்க இன்சுலினே வேண்டாம், அது தனியா இழுக்கும். ரெண்டு பேரும் சேந்து ஒரே கயித்த இழுத்தா என்னாகும், சர்ருன்னு இறங்கும். பெரும்பாலானவங்களுக்கு கொஞ்ச நேரத்துல லிவர் சுதாரிச்சுக்கும், ஓட்டமும் ஒண்ணும் கெடாது. ஒரு சிலருக்கு மட்டும் அந்த நேரத்துல கை நடுங்கும், படபடன்னு வரும். நீங்க அந்த ரகம்னா ஜூஸோட நேரத்த மாத்துங்க, ஒண்ணு கிளம்பறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டோட முடிச்சுக்கங்க, இல்ல வார்ம்-அப் முடிஞ்சு கிளம்பப்போற அஞ்சு நிமிஷத்துல குடிங்க. ஓட ஆரம்பிச்சுட்டா இன்சுலின் சுரக்கறது தானா அடங்கிடும், அதனால அந்த பள்ளம் வராது. சென்சார் நிஜமா உதவுற இடம் இதுதான்னு நான் சொல்வேன், ஒரே ரூட்டு, ஒரே வேகம், ஒரே ஜூஸ், குடிக்கற நேரத்த மட்டும் மாத்தி ரெண்டு மூணு வாரம் பாருங்க, உங்க உடம்பப் பத்தி எந்த டாக்டராலயும் சொல்ல முடியாத ஒண்ணு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

ராத்திரி மூணு மணி 58. இதுக்கு என் மொத கேள்வி, எந்தக் கைல ஒட்டியிருக்கீங்க, எந்தப் பக்கம் படுத்து தூங்குவீங்க? சிரிக்காதீங்க. சென்சாரோட ஊசி நேரா ரத்தத்துல இல்ல, தோலுக்கு அடியில செல்லுங்களுக்கு நடுவுல இருக்கற திரவத்துல இருக்கு. அந்தக் கை மேலயே சாஞ்சு படுத்தா அந்த இடம் அழுந்தி ரத்த ஓட்டம் குறையும், சென்சார் அங்க சுகரே இல்லைன்னு நினைச்சு கத்தும், நீங்க திரும்பிப் படுத்தா கொஞ்ச நேரத்துல 85க்கு வந்துடும். கிராஃப்ல பாத்தா கத்தியால வெட்டின மாதிரி செங்குத்தா இறங்கி அதே மாதிரி செங்குத்தா ஏறியிருக்கும். நிஜமான லோ அப்படி இருக்காது, சரிவு மாதிரி மெதுவா இறங்கும். புதுசா ஒட்டின மொத நாளும் ரீடிங்க நம்பாதீங்க, ஊசி குத்தின இடம் ஆறுற வரைக்கும் அது வாய்க்கு வந்ததச் சொல்லும்.

ஆனா இங்க ஒரு 'ஆனா' இருக்கு. நீங்க சாப்பாட்ட வேற குறைச்சிருக்கீங்க. நெறைய ஓடிட்டு கம்மியா சாப்பிடறவங்களுக்கு ராத்திரில சுகர் நிஜமாவே இறங்கலாம், ஏன்னா லிவர்ல ஸ்டாக் இல்ல. எரிக்கற அளவுக்கு சாப்பிடாம உடம்பு பல பக்கமும் அடிவாங்கறதுக்கு 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 'ரெட்-எஸ்'னு ஒரு பேரே வச்சாங்க, எலும்பு, ஹார்மோன், தூக்கம், மனசு எல்லாத்தையும் அது தொடும். அதனால அலாரம் அடிச்சா எழுந்து உக்காந்து விரல்ல குத்திப் பாருங்க. விரல்ல 80, 90னு வந்தா தலகாணியோட தப்பு. விரல்லயும் 60க்கு கீழ வந்தா, அதுவும் ஒரு தடவைக்கு மேல வந்தா, அத நெட்ல தேடிக்கிட்டு இருக்காம நேரா டாக்டர்கிட்ட போங்க.

விரல்ல குத்தறதுன்னு சொன்னதும் என் கதை ஒண்ணு. ஒரு நீண்ட சைக்கிள் ரைடு நடுவுல ஓரமா நிறுத்தி டெஸ்ட் பண்ணேன், 243. எனக்கு சுகர் கிடையாது. ஒரு நிமிஷம் வேர்த்துடுச்சு, என்னென்னவோ யோசிச்சேன், அப்பா, தாத்தா, பரம்பரைன்னு. அப்புறம்தான் விரல பாத்தேன், அஞ்சு நிமிஷம் முன்னாடி சர்க்கரை ஜெல் பாக்கெட்ட பல்லால கடிச்சு பிரிச்சது விரல் முழுக்க பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு. பாட்டில் தண்ணில கைய கழுவி, ஜெர்சில துடைச்சு, மொத சொட்ட தள்ளிட்டு ரெண்டாவது சொட்டுல பாத்தா 107. மனுஷன் டாக்டருக்கு படிச்சு என்ன பிரயோஜனம்னு அன்னிக்கு தோணுச்சு. அதனால கை கழுவாம குத்தாதீங்க, வேர்வை சொட்டுற கைல குத்தினா ரத்தத்தோட வேர்வையும் கலந்து கம்மியாவும் காட்டலாம். கொளுத்தற வெயில்லயோ உறையற குளிர்லயோ கிடந்த ஸ்ட்ரிப்பும் தப்பா சொல்லும்.

இப்ப அந்த 22வது கிலோமீட்டர் 66. நீங்க நிறுத்தினது தப்புன்னு சொல்ல மாட்டேன், பயம் வந்தா நிறுத்தறது நல்லதுதான். ஆனா அந்த நம்பர் என்னன்னு தெரிஞ்சுக்கங்க. ரத்தத்துல மாறுறது தோலுக்கடியில வந்து சேர அஞ்சு பத்து நிமிஷம் ஆகும், வேகமா ஏறி இறங்கும்போது இன்னும் கூட ஆகும், அதாவது நீங்க பாத்தது போன கிலோமீட்டரோட நம்பர். அதோட, விரல்ல குத்தற மெஷினுக்கே 100க்கு கீழ 15 வரைக்கும் கூடவோ குறையவோ காட்ட சர்வதேச தர விதி இடம் குடுக்குது, சென்சார் அதவிட துல்லியம் இல்ல, லோ-வா இருக்கறப்ப இன்னும் மோசம். அப்ப உங்க 66 நிஜத்துல 80ஆ இருந்திருக்கலாம், 55ஆவும் இருந்திருக்கலாம். அத பிரிச்சு சொல்ல நம்பரால முடியாது, சுகர் ஏறுதா இறங்குதான்னு சென்சார் காட்டுற அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்குங்கறதும் உங்க தலையும்தான் சொல்லணும்.

தலைன்னு சொல்றது சும்மா இல்ல. சுகர் நிஜமா இறங்கினா மொதல்ல தடுமாறுறது மூளை. 1924ல பாஸ்டன் மாரத்தான் ஓடி முடிச்சவங்களோட ரத்தத்த டாக்டருங்க எடுத்துப் பாத்தாங்க, துவண்டு வெளிறி குழம்பிப் போய் வந்தவங்களுக்கு சுகர் ரொம்ப கீழ இருந்துச்சு, அடுத்த வருஷம் அதே ரேஸ்ல ஓடும்போதே மிட்டாய் சாப்பிட வச்சாங்க, ஆளுங்க நல்லபடியா வந்து சேந்தாங்க. இன்னிக்கு நீங்க பெல்ட்ல சொருகியிருக்கற ஜெல்லோட கொள்ளுத் தாத்தா அந்த மிட்டாய்தான். ஆனா 1982ல சைக்கிள் மிதிக்க வச்சு பாத்த ஒரு ஆய்வுல, சுகர் 45க்கு கீழ போயும் சிலர் பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஆளாளுக்கு மாறும். அதனால நம்பர் கம்மியா இருந்து நீங்க தெளிவா இருந்தா வேகத்த குறைங்க, ஒரு ஜெல்லோ 15, 20 கிராம் சர்க்கரை வர்ற மாதிரி ஏதாவதோ உள்ள தள்ளுங்க, கால் மணி நேரம் நடந்தோ மெதுவா ஓடியோ பாருங்க. பார்வை சுருங்கற மாதிரி இருந்தா, கூட ஓடுறவன் மேல காரணமே இல்லாம எரிஞ்சு விழுந்தா, எத்தனாவது கிலோமீட்டர்ங்கற கணக்கு குழம்பினா, நம்பர் 95 காட்டினாலும் சரி, நிறுத்தி சாப்பிடுங்க.

இதுல ஒரு ஆபத்தான குழப்பம் இருக்கு, சொல்லாம விடக்கூடாது. நாலு மணி நேரத்துக்கு மேல ஓடுற ரேஸ்ல தண்ணி அளவுக்கு மீறி குடிச்சு ரத்தத்துல சோடியம் இறங்கினாலும் ஆளு இதே மாதிரிதான் குழம்புவாரு, தலைவலி, வாந்தி, மோதிரம் இறுகற அளவுக்கு விரல் வீக்கம். அங்க போய் 'சுகர் லோ'ன்னு மேல மேல தண்ணியும் ஜூஸுமா ஊத்தினா உயிருக்கே ஆபத்து. சர்க்கரை குடுத்தும் பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஆளு தெளியலைன்னா மெடிக்கல் டென்ட்டுக்கு கூட்டிட்டு போயிடணும்.

ரேஸ் அன்னிக்கு போட்டுக்கலாமான்னா, போட்டுக்கங்க, ஆனா வாட்ச்ல அத காட்டாத மாதிரி வச்சுக்கங்க. முடிச்சுட்டு வீட்ல உக்காந்து பாருங்க. ரேஸ்ல எப்ப சாப்பிடறதுங்கறத சென்சார் முடிவு பண்ணக்கூடாது, கடிகாரம் முடிவு பண்ணணும். மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல போற ரேஸ்ல குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்ததா இருந்தா 90 வரைக்கும் போகலாம், ரெண்டுக்கும் குடல்ல வேற வேற வாசல் இருக்கறதால ஒண்ணு நிறைஞ்சாலும் இன்னொண்ணு வழியா போகும். ஆனா 90 கிராம ரேஸ் அன்னிக்கு மொத தடவையா முயற்சி பண்ணா கழிவறை வரிசைலதான் நிப்பீங்க, வயித்தையும் கால பழக்கற மாதிரி வாராவாரம் லாங் ரன்ல கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். நம்பர் இறங்கறத பாத்துட்டு சாப்பிடலாம்னு காத்திருந்தா, அந்த அஞ்சு பத்து நிமிஷ லேட்டு, சாப்பிட்டது வயித்துல இருந்து ரத்தத்துக்கு வர இன்னொரு கால் மணி, அதுக்குள்ள கதை முடிஞ்சிடும்.

ரூல் புக்கையும் ஒருதடவ பாத்துக்கங்க. சைக்கிள் ரேஸ்ல உலக அமைப்பான யூசிஐ 2021லயே போட்டி நேரத்துல குளுக்கோஸ் சென்சாருக்கு தடை போட்டுட்டாங்க. 2023ல ஸ்ட்ராடே பியாங்கே ரேஸ்ல மூணாவதா வந்த கிறிஸ்டன் ஃபாக்னர, கைல சென்சார் ஒட்டியிருந்ததுக்காக தகுதிநீக்கமே பண்ணாங்க. அந்தம்மா அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ல ரோட் ரேஸ்ல தங்கம் வாங்கினாங்கங்கறது தனிக்கதை.

இனி உங்க நிஜமான பயம். சுகர் வந்துட்டு இருக்கா? சென்சார் காட்டுற 102 வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது இல்லைன்னும் சொல்ல முடியாது, அது அந்த வேலைக்கு செஞ்ச கருவியே இல்ல. லேப்ல நரம்புல ரத்தம் எடுத்து வெறும் வயித்துல 100ல இருந்து 125 வந்தா ப்ரீ-டயபடிஸ், அதாவது சுகருக்கு முந்தின கட்டம், 126ம் அதுக்கு மேலயும் ரெண்டு தடவ வந்தா டயபடிஸ். ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட்ல 5.7ல இருந்து 6.4 வரைக்கும் ப்ரீ, 6.5ல இருந்து டயபடிஸ். ஓடுறவங்களுக்கு இதுல மூணு கண்ணி இருக்கு. லாங் ரன் ஓடி தசை கிழிஞ்சு வலிக்கற மறுநாள் போகாதீங்க, அந்த சமயம் இன்சுலின் பேச்ச தசை சரியா கேக்காது, ரெண்டு மூணு நாள் லேசா இருந்துட்டு போங்க. ரெண்டாவது, மாவுச்சத்த குறைச்ச உடம்பு திடீர்னு குளுக்கோஸ் தண்ணி குடிச்சு டெஸ்ட் பண்ணா தடுமாறி ஃபெயில் ஆகலாம், அதுக்காகத்தான் அந்த டெஸ்டுக்கு முன்னாடி மூணு நாளாவது தினம் 150 கிராமுக்கு குறையாம மாவுச்சத்து சாப்பிடச் சொல்லுவாங்க, இப்ப நீங்க இருக்கற நிலைமைல உங்க காலை 102க்கே இந்த குறைப்பும் ஒரு காரணமா இருக்கலாம். மூணாவது, ஏ1சி சிவப்பணுவோட ஆயுள நம்பி இருக்கற டெஸ்ட், பாதம் தரைல மோதி மோதி சிவப்பணு சீக்கிரம் உடையறவங்களுக்கு அது நிஜத்த விட கம்மியா காட்டலாம், இரும்புச்சத்து குறைவா இருந்தா கூடுதலா காட்டலாம், அதனால கூடவே இரும்புச்சத்து கையிருப்ப காட்டுற ஃபெரிட்டினும் பாத்துடுங்க.

அம்மாவுக்கு இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதனால வருஷத்துக்கு ஒருதடவ இந்த டெஸ்ட் உங்களுக்கு வேணும், ஓடுறேன் எனக்கு வராதுன்னு இருந்துடாதீங்க. துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1997ல டயபடிஸ்னு தெரிஞ்சது, அப்பவே நாலு ஒலிம்பிக் தங்கம் வாங்கின உடம்பு அது. மனுஷன் விடல, 2000ல சிட்னில அஞ்சாவதையும் வாங்கினார்.

டைப் 1 நண்பர் விஷயம் வேற மாதிரி. உங்களுக்கு சென்சார் வேடிக்கை, அவருக்கு அது காவல்காரன். உங்க உடம்பு ஓட ஆரம்பிச்சதும் இன்சுலின தானா குறைச்சுக்கும், அவர் உடம்புல இன்சுலின் சுரக்காது, ஊசியில போட்டத திரும்ப எடுக்கவும் முடியாது, அதான் மொத்த பிரச்சினையும். டோஸ எவ்வளவு குறைக்கறதுங்கறத அவரும் அவர் டாக்டரும் பாத்துப்பாங்க, அதுல நீங்க யோசனை சொல்ல வேண்டாம். கிளம்பும்போது 126ல இருந்து 180க்குள்ள இருந்தா பொதுவா சௌகரியம், 90க்கு கீழ இருந்தா மொதல்ல 10, 20 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு ஏறினப்புறம்தான் கிளம்பணும். காரணமே தெரியாம 250க்கு மேல இருந்தா ரத்தத்துல கீட்டோன் (இன்சுலின் போதாம உடம்பு கொழுப்ப எரிக்கறப்ப சேர்ற அமிலம்) பாக்கணும், அது 1.5ம் அதுக்கு மேலயும் இருந்தா அன்னிக்கு ஓட்டம் கிடையாது, அவர் ஓடிடலாம்னு சொன்னாலும் விடாதீங்க. சர்க்கரை அவர் பாக்கெட்ல மட்டும் இருந்தா போதாது, உங்கள்ல ரெண்டு பேர் பாக்கெட்லயாவது இருக்கணும். அவர் உளற ஆரம்பிச்சு, ஆனா முழுங்க முடியுதுன்னா 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் பொறுத்து திரும்ப டெஸ்ட். மயங்கிட்டார்னா வாயில ஒண்ணுமே ஊத்தாதீங்க, ஒருக்களிச்சு படுக்க வச்சு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, சுகர ஏத்தற அவசர மருந்தான குளுக்ககான் வச்சிருந்தா அத எப்படி போடறதுன்னு மொத நாளே அவர்கிட்ட கத்து வச்சுக்கங்க. லாங் ரன் முடிஞ்ச ராத்திரிதான் அவருக்கு அதிக ஆபத்து, தசை தொட்டிய நிரப்ப மணிக்கணக்கா சர்க்கரைய இழுத்துக்கிட்டே இருக்கும், அதனால அவர் தனியா இருக்கறவர்னா தூங்கப்போறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டு கேளுங்க. இவ்வளவும் படிச்சுட்டு அவர சேத்துக்கவே பயந்துடாதீங்க, டைப் 1 உள்ளவங்கள மட்டுமே வச்சு நோவோ நார்டிஸ்க்னு ஒரு புரொஃபஷனல் சைக்கிள் டீமே வருஷக்கணக்கா ரேஸ்ல கலந்துக்கிட்டிருக்கு. அவருக்கு சுகரப் பத்தி தெரிஞ்சதுல பாதி உங்க குரூப்ல யாருக்கும் தெரியாது, நானும் சேத்துதான் சொல்றேன்.

நீங்க இப்ப செய்ய வேண்டியது, இன்னும் ஒரு சென்சார் மிச்சம் இருந்தா அந்த ஜூஸ் நேரத்த மாத்தற பரிசோதனைக்கு அத பயன்படுத்திக்கங்க, அது முடிஞ்சதும் ரேஸ் வரைக்கும் கைய காலியா விடுங்க. ஒரு வாரம் ஒழுங்கா சாப்பிட்டு, ரெண்டு மூணு நாள் லேசா இருந்து, லேப் டெஸ்ட் எடுத்துட்டு ரிசல்ட்ட எழுதுங்க. கூடவே எந்தப் பக்கம் படுத்து தூங்குறீங்கன்னும் மறக்காம எழுதுங்க.